ஆளறிந்து வகுத்த வியூகம்

வியூகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவு பாரதப் போர்க்களத்திற்கே செல்லும். சக்கர வியூகத்தை உடைத்து உட்புகும் வழியை அறிந்திருந்த அபிமன்யு, அதனின்று மீளும் வழியை அறியாது மாண்ட கதை, தோட்டத்துக் கோவில் முன்றிலிலே அருச்சுனன் தபசு பார்த்து வளர்ந்த மக்களுக்குப் புதிதன்று. தாக்கத் துணிவது ஒன்று. தாக்கும் முறையைத் தேர்வது வேறொன்று. முன்னதற்கு வீரம் போதும். பின்னதற்கோ, தன் பக்கத்தில் நிற்பவர் யார், அவரால் இயல்வது எது, இயலாதது எது என்ற தெளிவு வேண்டும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி ஊவா நாட்டவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இன்று மொனராகலை மாவட்டத்துள் அடங்கும் வெல்லவாயாப் பகுதியிலே ரந்தெனிவெல என்னும் இடம் இருக்கிறது. 1630 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, போர்த்துக்கேயரின் தலைமைத் தளபதியான கொன்ஸ்தந்தீனு த சா, பெரும் படையுடன் ஊவாவுக்குள் புகுந்து பதுளையைச் சூறையாடிவிட்டுத் திரும்பும் வழியில் அங்கேதான் சுற்றிவளைக்கப்பட்டான். அவனது படையின் பெரும் பகுதி உள்நாட்டு லஸ்கரீன் வீரர்களால் ஆனது. அவர்களின் தலைவர்களோ கண்டி அரசனுடன் முன்னரே இரகசியமாக உடன்பட்டிருந்தார்கள். வேளை வந்ததும் அவர்கள் பக்கம் மாறினார்கள். தளபதி களத்திலே வீழ்ந்தான். அவன் படையும் அழிந்தது. தாக்குதற்கு அவனிடம் துணிவு குறையவில்லை. தன்னுடன் நடந்து வருபவர் எத்தகையவர் என்ற அறிவே குறைந்திருந்தது.

போர்க்களத்துக்குப் பொருந்தும் இந்நீதி ஆடுகளத்துக்கும் பொருந்தும். உயிர்ச்சேதமின்றி, பகைமையின்றி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதிலே வியூகத்தின் வெற்றி தோல்விகளைக் கண்ணாரக் காட்டும் விளையாட்டு உதைபந்தாட்டம். ஒரு பாடசாலையோ கல்லூரியோ தன் அணியைக் களத்தில் இறக்குமுன் விடை காண வேண்டிய முதற் கேள்வி, எவ்வாறு தாக்குவது என்பதே. எத்தனை பேரை முன்னால் நிறுத்துவது? பந்தை ஓரங்களின் வழியே கொண்டு செல்வதா, நடுவே கொண்டு செல்வதா? உயரத் தூக்கி அடிப்பதா, நிலத்தோடு நிலமாகக் கைமாற்றுவதுபோலக் கால்மாற்றிச் செல்வதா? இக்கேள்விகளுக்கு உலகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறது. அவ்விடைகளுள் நமது அயல் நாட்டிலே ஒரு பள்ளி ஆசிரியர் கண்ட விடை தனிச் சிறப்புடையது. அவர்தாம் ஹைதராபாத் நகரத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம்.

ரகீமின் பணியை மதிப்பிடுவதற்கு முன், தாக்கும் வியூகங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவது தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரித்தானியாவில் உருப்பெற்ற முறையின்படி, பின்னால் 2 பேர், இடையில் 3 பேர், முன்னால் 5 பேர் நின்றார்கள். தலைகீழாய் நிறுத்திய கோபுரம் போன்ற இவ்வமைப்பு, ஆட்சியாளருடன் கப்பலேறி ஆசிய நாடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஐவர் ஒரே வரிசையில் முன்னேறித் தாக்குவது பார்வைக்கு அழகு. ஆனால் 1925 ஆம் ஆண்டு ‘ஓஃப் சைட்’ விதி திருத்தப்பட்டது. பந்து முன்னோக்கி அடிக்கப்படும் வேளையிலே, தாக்கும் வீரனுக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் 3 பேர் இருத்தல் வேண்டும் என்றிருந்த நிலை மாறி, 2 பேர் இருந்தாற் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின. பெருகிய கோல்களைத் தடுக்க, இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்திலே ஹேர்பேட் சப்மன் என்பவர் இடைவரிசையின் நடுவீரரைப் பின்னிழுத்து மூன்றாவது காவலராக நிறுத்தினார். முன்வரிசையிலும் இருவரைச் சற்றுப் பின்வரச் செய்தார். ஆங்கில எழுத்துகளான ‘டபிள்யூ’, ‘எம்’ ஆகிய இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாற்போன்ற அந்த அமைப்பு நெடுங்காலம் உலகை ஆண்டது.

அதனை அசைத்தவர்கள் ஹங்கேரியர். 1953 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் திகதி, இலண்டன் வெம்ப்ளி அரங்கிலே அவர்கள் இங்கிலாந்தை 6 க்கு 3 என்ற கணக்கில் வென்றபோது உதைபந்தாட்ட உலகம் திகைத்தது. சூட்சுமம் மிக எளியது. ஹிடெக்குட்டி என்னும் நடு முன்வீரர் முன்னால் நிற்கவில்லை. பின்னால் இறங்கி நின்றார். அவரைக் காக்க வேண்டிய எதிரணிக் காவலருக்கு அது பெரும் தருமசங்கடமாயிற்று. அவர் ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து சென்றால், கோல் வாயிலின் முன்னே வெற்றிடம் விழும். செல்லாது தம் இடத்திலேயே நின்றால், ஹிடெக்குட்டி தடுப்பாரின்றிப் பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்துவார். எதைச் செய்தாலும் பிழையாகும்படி எதிரியை நிறுத்துவதே நல்ல தாக்குதலின் இலக்கணம் என்பதை அன்றைய ஆட்டம் உணர்த்திற்று. அன்று ஹிடெக்குட்டி மட்டும் 3 கோல்கள் போட்டார்.

இத்தகைய மாற்றங்கள் ஐரோப்பாவிலே நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலே, ஆசியாவிலே அவற்றைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தவர் ரகீம். 1909 ஆம் ஆண்டு பிறந்த அவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அங்கே மாணவராயிருந்தபோது பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பின்னர் பள்ளி ஆசிரியரானார். உடற்கல்வியிலே தனியாகப் பயிற்சி பெற்றார். 1943 ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1950 ஆம் ஆண்டு அந்நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1954 ஆம் ஆண்டு வரை, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கிண்ணத்தை அவ்வணி தொடர்ந்து 5 முறை வென்றது. கல்கத்தாவின் பெருங் கழகங்களே இந்திய உதைபந்தாட்டத்தின் முடிசூடா மன்னர்களாக விளங்கிய காலத்திலே இது எளிய செயலன்று.

ரகீமின் வெற்றிக்கு மூலம் எது? ஆசிரியரின் கண் என்பதே விடை. வகுப்பிலே 40 பிள்ளைகள் இருப்பின், எவனுக்குக் கணக்கு வரும், எவனுக்குக் கவிதை வரும், எவன் பேசாதிருந்து அனைத்தையும் அறிந்திருப்பான் என்று காண்பவரே ஆசிரியர். ரகீம் வீரர்களை அவ்வாறே கண்டார். துளசிதாஸ் பலராம் என்னும் இளைஞரின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. செகந்தராபாத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலே ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ரகீம் அவரது ஆற்றலைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் ஹைதராபாத்துக்கு வந்துபோகக் கையில் காசில்லை என்று அவர் தயங்கவே, வாடகைச் சைக்கிளுக்குரிய பணத்தை ரகீமே கொடுத்துவந்தார் என்பது பலராம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தி. அந்த இளைஞர் 1956 ஆம் ஆண்டிலும் 1960 ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் களத்திலே நின்றார். 2023 ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, இந்தியா கண்ட தலைசிறந்த முன்வரிசை வீரருள் ஒருவர் என்று நாடு அவரைப் போற்றியது.

ஆளைக் கண்டபின் ஆளைப் பண்படுத்த வேண்டும். இதற்கு ரகீம் கையாண்ட முறைகள் இன்றும் பாடசாலைகளுக்குப் பயன்படத்தக்கவை. வலுக்குறைந்த காலினால் மட்டுமே பந்தை அடிக்கலாம் என்ற விதியுடன் சிறு போட்டிகளை அவர் நடத்தினார் என்றும், பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடுவதைத் தடைசெய்த போட்டிகளையும் நடத்தினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இவற்றின் நோக்கம் வெளிப்படை. இரு கால்களும் பழகிய வீரனை எதிரி ஒரு பக்கம் ஒதுக்கித் தடுக்க இயலாது. பந்தை வைத்துக்கொண்டு தன் வித்தையைக் காட்ட விரும்பும் வீரனோ, கூட்டாளியைத் தேடிக் கொடுக்கப் பழகுவான். வியூகம் கரும்பலகையிலே பிறப்பது போலத் தோன்றும். உண்மையிலே அது இத்தகைய அன்றாடப் பழக்கத்திலேதான் பிறக்கிறது.

1952 ஆம் ஆண்டு ரகீமின் வாழ்விலே இரு வேறு படிப்பினைகளைத் தந்தது. அவ்வாண்டு கொழும்பு மாநகரிலே இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய 4 நாடுகள் பங்குகொண்ட கொழும்புக் கிண்ணப் போட்டி தொடங்கிற்று. இந்தியாவும் பாகிஸ்தானும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆசியாவுக்குள் இந்திய அணிக்கு நிகர் சிலரே என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலை மாதம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே யூகோஸ்லாவியா அவ்வணியை 10 க்கு 1 என்ற கணக்கில் வீழ்த்திற்று. இந்திய வீரருள் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். உள்நாட்டிலே 90 நிமிடத்தினும் குறைந்த நேர ஆட்டங்களே அவர்களுக்குப் பழக்கம். அத்தோல்விக்குப் பிறகே காலணி அணிந்து ஆடுவது இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

தோல்வியின் காரணத்தைக் காலணியின் மேல் மட்டும் சுமத்திவிட்டு ரகீம் அமைதியடையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. உடல் வலிமையிலும் உயரத்திலும் ஐரோப்பியருக்கு ஈடுகொடுக்க இயலாத வீரர்களைக் கொண்டு, அவர்களைப் போலவே மோதி ஆடுவது வீண் முயற்சி. இந்திய வீரருக்கு இயல்பாய் அமைந்தவை விரைவும், பந்தைத் தழுவும் நுண்மையும், குறுகிய இடத்தில் திரும்பும் இலாவகமும். ஆகவே அந்த இயல்புகள் சிறக்கும் இடத்திலே ஆட்டத்தை நிகழ்த்த வேண்டும். முன்வீரர் ஒருவரைப் பின்னிறக்கி எதிரணிக் காவலரைக் குழப்புதல், ஓரங்களில் விரைந்தோடுவோரைப் பயன்படுத்தல், குறும்பந்துகளால் முன்னேறுதல் ஆகியவை அவர் முறையின் கூறுகளாயின. பின்னால் 4, இடையில் 2, முன்னால் 4 என்னும் வியூகத்தைப் பிரேசில் நாடு 1958 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே புகழ்பெறச் செய்தது. அதற்கு முன்னரே ரகீம் அதனை இந்தியாவிலே கையாளத் தொடங்கினார் என்று அந்நாட்டு உதைபந்தாட்ட வரலாற்றை எழுதியோர் பெருமையுடன் கூறுவர்.

அம்முறையின் பயன் 1956 ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலே தெரிந்தது. டிசம்பர் முதலாம் திகதி இந்தியா, போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை 4 க்கு 2 என வென்றது. நெவில் டி சூசா 3 கோல்களும் கிருஷ்ணசாமி ஒரு கோலும் போட்டார்கள். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திலே அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிட்டியது. அரையிறுதியில் எதிர்வந்ததோ ஹெல்சிங்கியிலே 10 கோல்கள் போட்ட அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதற் கோலைப் போட்டது இந்தியா. முடிவில் 4 க்கு 1 எனத் தோற்றாலும், நான்கே ஆண்டுகளில் ஓர் அணி எவ்வளவு வளரலாம் என்பதற்கு அந்த ஆட்டம் சான்றாயிற்று. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று, இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது.

ஆயினும் ரகீமின் மதிநுட்பம் முழுவதும் வெளிப்பட்டது 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலேதான். தொடக்கம் நன்றாயில்லை. முதல் ஆட்டத்திலே தென் கொரியா 2 க்கு 0 என இந்தியாவை வென்றது. அடுத்து தாய்லாந்தை 4 க்கு 1 என இந்தியா வென்றபோதும், அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பின்வரிசையின் தூணாய் விளங்கிய ஜர்னைல் சிங்கின் தலையிலே காயம் ஏற்பட்டுத் தையல்கள் போட வேண்டியதாயிற்று. அவரின்றியே யப்பானை 2 க்கு 0 என வென்று இந்தியா அரையிறுதிக்கு வந்தது.

அப்போது பயிற்றுநர் முன்னே நின்ற கேள்வியை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காயமுற்ற காவலரைப் பின்வரிசையிலே நிறுத்தினால், தாக்கிவரும் பந்துகளையெல்லாம் அவர் தலையாலும் உடலாலும் தடுத்தாக வேண்டும்; எந்த வேளையில் மோதல் வரும் என்பது எதிரியின் கையில் இருக்கும். நிறுத்தாமல் விட்டால், அணியின் மிக வலிய வீரர் ஒருவரை இழந்ததாகும். பாடநூல் கூறும் விடை இவ்விரண்டுள் ஒன்றாகவே இருக்கும். ரகீம் மூன்றாவது விடை கண்டார். ஜர்னைலை நடு முன்வீரராக, தாக்குதலின் முனையிலே நிறுத்தினார்.

இது கண்மூடித்தனமான துணிவன்று. ஜர்னைல் தம் கல்லூரி நாள்களில் முன்வரிசையிலும் ஆடியவர் என்பார்கள். அதனை அறிந்து நினைவில் வைத்திருப்பது ஆசிரியரின் இயல்பு. அவர் உயரமும் உரமும் வாய்ந்தவர். அவர் முன்னே நின்றால் எதிரணிக் காவலர் இருவர் அவரையே சுற்றி நிற்க நேரும். அவ்வாறு நேர்ந்தால், பி. கே. பனர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவருக்கும் ஓடியாட இடம் கிடைக்கும். முன்வரிசையிலே எப்போது மோதுவது, எப்போது விலகுவது என்பதும் பெரும்பாலும் அவர் விருப்பத்திலேயே அமையும். பின்வரிசையில் விழுந்த வெற்றிடத்தை அருண் கோஷ் முதலியோர் நிரப்புவர் என்ற நம்பிக்கையும் பயிற்றுநருக்கு இருந்தது. ஒருவரை இடம் மாற்றுவதால் பலருடைய பணி எவ்வாறு மாறும் என்பதை முழுமையாகக் கணக்கிட்ட பின்னரே அவர் துணிந்தார்.

அரையிறுதியில் தென் வியட்நாமை 3 க்கு 2 என இந்தியா வென்றது. அணித் தலைவர் சுனி கோஸ்வாமி 2 கோல்களும் ஜர்னைல் ஒரு கோலும் போட்டார்கள். செப்டெம்பர் 4 ஆம் திகதி இறுதி ஆட்டம். எதிர்வந்தது, முதல் ஆட்டத்திலே வென்ற அதே தென் கொரியா. 1956, 1960 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற நாடு. இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவுக்கு அழைக்காமை குறித்து இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் வெளியிட்ட கண்டனத்தால், அரங்கில் நிறைந்திருந்த பெருங் கூட்டம் இந்தியருக்கு எதிராக ஆரவாரித்தது. ஆட்டத்தின் 17 ஆவது நிமிடத்திலே பனர்ஜி முதற் கோலைப் போட்டார். மூன்று நிமிடங்கள் கழிந்தன. 20 ஆவது நிமிடத்திலே, தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் போட்டார். தென் கொரியா ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திலே ஒரு கோல் போட்டது. அதற்கு மேல் இயலவில்லை. அன்று கோல் வாயிலைக் காத்து நின்றவர், சென்னைப் படைப்பிரிவு மையத்தின் அணியிலே ஆடிப் புகழ்பெற்ற பீற்றர் தங்கராஜ். இராணுவத்திலே முன்வீரராகத் தொடங்கிக் கோல் காப்பாளராக மாறியவர் அவர். காவலர் முன்வீரராகவும், முன்னாள் முன்வீரர் காப்பாளராகவும் நின்று ஈட்டிய தங்கப் பதக்கம் அது.

இவ்வெற்றியைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. தலையிலே தையல் போட்ட ஒருவரை, தலையால் பந்தை அடிக்க வேண்டிய இடத்திலே நிறுத்தியது முறைதானா? இன்றைய மருத்துவ அறிவு தலைக்காயத்தை மிகுந்த எச்சரிக்கையுடன் நோக்குகிறது. அத்தகைய வீரர் களமிறங்குவதை இன்று பல நாடுகளின் விதிகள் அனுமதியா. அன்றைய அறிவும் அன்றைய வழக்கமும் வேறு. ஜர்னைலின் வீரம் போற்றத்தக்கதே. பாடசாலை மாணவருக்கு அது பின்பற்றத்தக்க முன்மாதிரி ஆகாது. ரகீமிடமிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆளின் பல்வேறு ஆற்றலை அறிந்து அவனுக்குரிய இடத்தை மாற்றி அமைக்கும் நுண்மையை. காயமுற்றவனைக் களமிறக்கும் துணிவை அன்று.

மற்றொரு குறையும் உண்டு. ஜகார்த்தா வெற்றியின்போதே ரகீம் நோய்வாய்ப்பட்டிருந்தார். ஓராண்டும் முற்றுப்பெறாத நிலையில், 1963 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். 1964 ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்திலே இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970 ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விழாவிலே வெண்கலம் பெற்றது. அதன்பின் அவ்வுயரத்தை அது எட்டவில்லை. 1960 ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்கு இந்தியா தகுதி பெற்றதுமில்லை. காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று, ஒருவரின் உள்ளத்திலே இருந்த அறிவு பயிற்சிக் கூடங்களாகவும் பாடத்திட்டங்களாகவும் பரவாமற் போனமை. 2024 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் வந்த பிறகே, இளந்தலைமுறையினர் பலர் ரகீமின் பெயரைக் கேள்வியுற்றார்கள் என்றால், அந்த மறதியின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வரலாற்றால் ஊவாவின் பாடசாலைகளுக்கு வரும் பயன் யாது? பதுளை மலைச்சரிவுகளிலே தேயிலைக்கு ஒதுக்கியது போக எஞ்சிய சிறு சமவெளியே பல பாடசாலைகளுக்கு விளையாட்டிடம். மொனராகலையின் இறப்பர் தோட்டப் பிள்ளைகளோ, வெயில் கொளுத்தும் வறண்ட தரையிலே ஆடுபவர்கள். காலணி எல்லாரிடமும் இராது. தனிப் பயிற்றுநர் இரார். கணிதமோ சமயமோ கற்பிக்கும் ஆசிரியரே மாலையில் விசில் ஊதுவார். இத்தகைய பாடசாலையின் ஆசிரியர், தொலைக்காட்சியில் காணும் ஐரோப்பியக் கழகம் ஒன்றின் வியூகத்தை அப்படியே எடுத்துத் தம் பிள்ளைகளுக்குப் பூட்டினால், அது தகப்பனின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டியது போலாகும்.

அவர் செய்யத்தக்கது வேறு. முதலில் ஒரு மாதம் எந்த வியூகமும் வகுக்காமல் பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்க்கலாம். விரைந்தோடுபவர் இருவர் கிடைப்பின், ஓரங்களின் வழியே தாக்கலாம். விரைவு இல்லை, ஆனால் பந்தைச் செவ்வையாகக் கொடுக்கும் ஒருவன் இருக்கிறான் எனின், அவனைச் சற்றுப் பின்னிறக்கி அவன் காலிலிருந்தே தாக்குதலைத் தொடங்கலாம். உயரமும் உரமும் உள்ள ஒருவன் பின்வரிசையில் அடங்கிக் கிடப்பின், ஓர் ஆட்டத்துக்கேனும் அவனை முன்னே அனுப்பிப் பார்க்கலாம். சிறு திடலிலே பழகியவர்களுக்குக் குறும்பந்து இயல்பாய் வரும்; பெருந் திடலிலே போட்டிக்குச் செல்லும் நாளில் அதுவே பலமாகலாம், அல்லது களைப்பாகவும் முடியலாம். ஆகவே போட்டிக்குமுன் ஒரு முறையேனும் பெருந் திடலில் ஆடிப் பழகுவது இன்றியமையாதது. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி கற்பித்த பாடம் அதுவே.

வள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமும் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமும் வகுத்தார். செயலின் கடுமையையும், தன் ஆற்றலையும், எதிர்ப்போரின் ஆற்றலையும், துணை நிற்போரின் ஆற்றலையும் எடைபோடுவது முன்னதன் சாரம். இன்ன பணிக்கு இன்னவன் உரியவன் எனத் தேர்வது பின்னதன் சாரம். அரசர்க்கு அவர் கூறியதை ரகீம் 11 வீரர்க்குப் பொருத்திக் காட்டினார்.

இதிலே பந்து கோல் எல்லையைக் கடக்கிறதா என்பதனினும் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. வகுப்பறையின் பின்வரிசையிலே, ஒன்றுக்கும் உதவாதவன் எனப் பெயர் பெற்று அமர்ந்திருக்கும் பிள்ளை ஒருவன், ஒரு நாள் ஆசிரியரால் அழைக்கப்பட்டு, நீ ஆட வேண்டிய இடம் இது என்று காட்டப்படுகிறான். அவன் அவ்விடத்திலே நின்று ஆடுகிறான். அன்று தோற்றாலும் அவன் தோற்றவனாக வீடு திரும்பமாட்டான். சைக்கிள் வாடகைக்குக் காசில்லாதிருந்த இளைஞர் ஒருவர் ஒலிம்பிக் களத்தை அடைந்ததும், தம் இடம் பின்வரிசையே என்று எல்லாரும் எண்ணிய ஒருவர் முன்னே சென்று கோல் போட்டதும், ஓர் ஆசிரியர் அவர்களைச் சரியாகப் பார்த்ததால் நிகழ்ந்தவை. வியூகம் வகுக்க முற்படும் ஒவ்வோர் ஆசிரியரும் கரும்பலகையை நோக்குமுன் தம் பிள்ளைகளின் முகங்களை நோக்குவாராக.